டென்மார்க் வரை கேட்ட காது

புர்க்கார்ட் என் கழுத்தை அறுத்தான். இதை நான் இறைச்சிக் கடையில் சொன்னேன், சர்ச் வாசலில் சொன்னேன், பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தபோதும் சொன்னேன். "ஐயோ, நல்ல மனுஷனாச்சே" என்கிறார்கள் எல்லோரும். நல்ல மனிதன்தான், யார் இல்லை என்றது? முப்பத்திரண்டு வருடம் எனக்கும் நல்ல மனிதனாகத்தான் இருந்தான். முன்பின் தெரியாதவன் அறுத்திருந்தால் நான் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

என் பெயர் எக்கார்ட். இந்த சாவர்லாண்ட் மலைப்பக்கத்தில் முப்பத்தெட்டு வருடம் புகைபோக்கி துடைத்தவன். சுற்று வட்டாரத்தில் நான் ஏறாத கூரை கிடையாது. என் மனைவி மெக்டில்டுக்கு மூன்று வருடத்துக்கு முன்பு இடது காதில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதிலிருந்து பெரிய சத்தம் கேட்டால் அவளுக்குத் தலை சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு வாந்தி. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை படுத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு எங்கள் ஊரைவிடத் தோதான இடம் ஏது? ஒன்று அடித்தால் மூன்று வரை இங்கே எவனும் புல்வெட்டி ஓட்டமாட்டான், கம்பளம் தட்டமாட்டான், ஆணி அடிக்கமாட்டான். மறந்துபோய் எவனாவது சுவரில் துளை போட்டால், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டுவாள்.

விமானத்துக்கு யார் கடிகாரம் காட்டுவது? எட்டு கிலோமீட்டரில் ஒரு சரக்கு விமான நிலையம். மதிய அமைதி நேரத்தில் குன்றுக்கு வடக்கே சுற்றிக்கொண்டு இறங்குவோம், உங்கள் ஊருக்கு மேலே தாழ வரமாட்டோம் என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாய்வார்த்தைதானே! சுற்றச் சோம்பல்பட்ட விமானிகள் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக எங்கள் ஓட்டின்மேல் வந்தார்கள். மெக்டில்ட் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். தேதி, மணி, "ரொம்பத் தாழ" என்று இரண்டு சொல். அதற்குமேல் எழுத அவளால் முடியாது.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட அலுவலகத்தில் விமானப் பாதைக்கு விசாரணை வைப்பார்கள். வாய்வார்த்தையை எழுத்தாக்கிக் கொடுங்கள் என்று நாங்கள் மனுப் போட்டிருந்தோம். ஜெயித்தால் மதிய நேரத்து விமானம் எல்லாம் கட்டாயம் வடக்கே போகும். மனுவுக்கு ஆதாரம் வேண்டும். காது வலிக்கிறது என்பவளின் நோட்டை எந்த வக்கீல் மதிப்பான்? விமானம் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. வீட்டில் ஒரு சின்ன ரிசீவரும் கூரையில் ஒரு ஆன்டெனாவும் இருந்தால் அதைக் கேட்டுப் பதிவு செய்துவிடலாம். எங்கள் ஊர்மேல் தாழப் பறப்பதை வெளியூர்க் கருவி எதுவும் கேட்காது, அவையெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன, நடுவில் குன்று. ஆகவே கருவி எங்கள் கூரையில்தான் நிற்கவேண்டும்.

"இந்தத் தடவை நடக்கலைன்னா நான் ஓஸ்னாப்ரூக்குக்குப் போறேன்" என்றாள் மெக்டில்ட். "அக்கா வீட்டுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்குச் சொல்லல. போறேன்னு சொன்னேன்."

அவள் மிரட்டுகிற ஆளில்லை. நாற்பத்தொரு வருடத்தில் இப்படி மூன்று தடவை ஏதோ சொல்லியிருக்கிறாள், மூன்றையும் செய்திருக்கிறாள். உடனே புர்க்கார்டுக்கு ஃபோன் போட்டேன். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ரேடியோ உரிமம் வைத்திருப்பவன், குன்றுக்கு அந்தப் பக்கம் வீடு. அவனை விட்டால் எனக்கு இதில் யார்?

சனிக்கிழமை வந்தான். மெக்டில்ட் பிளம் கேக் செய்திருந்தாள். சமையலறை மேசையில் நான் இணையத்தில் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியலை வைத்தேன். ஒரு சாதாரண ஃபில்டர், ஒரு ரிசீவர், ஒரு ஆன்டெனா. கேபிளுக்கு நிலவறையில் பழைய டிஷ் ஆன்டெனாவின் டிவி கேபிள் சுருட்டிக் கிடந்தது, அதையே போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். புர்க்கார்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தான்.

"ஃபில்டர் கண்டிப்பா வேணும்டா. சர்ச் கோபுரத்துக்குள்ள செல்ஃபோன் கம்பெனிக்காரன் ஆன்டெனா வச்சிருக்கான் பாரு, இங்கேருந்து நூத்தம்பது மீட்டர். ஃபில்டர் இல்லேன்னா உன் ரிசீவர் விமானத்தை எங்கே கேக்கப் போகுது? ஊர்ச் சனம் அடிக்கிற அரட்டையிலேயே மூழ்கிச் செத்துடும்."

"அதான் எழுதியிருக்கேனே."

"இது வெறும் ஃபில்டர்டா. ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஃபில்டர் இருக்கு, அதை வாங்கு. ஆன்டெனாவுக்கு அடியிலேயே மாட்டிடு."

நான் ஒன்றும் அப்பாவி இல்லை. கேட்டேன். அன்றைக்கு நான் கேட்டதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். "நமக்கு வேண்டியது நம்ம கூரைமேல போறதுதானேடா? அதுக்கு எதுக்கு ஆம்ப்ளிஃபயர்?"

"கூரைமேல போறது தானா பதிவுல விழும். கஷ்டமெல்லாம் தூரத்துலதான். தூரத்தைப் பிடிச்சுட்டா கிட்டத்துல இருக்கறது இனாம். புரியுதா, மரமண்டை?"

"அப்ப கேபிள்?"

"அந்த டிவி கேபிளா? பாதியை அதுவே முழுங்கி ஏப்பம் விட்டுடும். விரல் தடிமன்ல ஒண்ணு இருக்கு, பத்து மீட்டர் வாங்கு. ரிசீவர்ல ஏத்தி இறக்கற அளவு ஒண்ணு இருக்கும், அதைக் கடைசி வரைக்கும் ஏத்தி வை. அப்புறம் தொடாதே. நீ எதைத் தொட்டாலும் கெடுத்துடுவே."

மெக்டில்ட் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "புர்க்கார்ட், எனக்கு இந்தக் கருமமெல்லாம் புரியாது. எங்க வீட்டுக்கு மேல போறதைப் பிடிக்குமா, அதை மட்டும் சொல்லு."

"உங்க ஓட்டுல உக்கார்ற புறாவையே பிடிக்கும்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு இரண்டாவது துண்டு கேக்கை எடுத்துக்கொண்டான். அந்தத் துண்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எல்லாம் அவன் சொன்னபடியே வாங்கினேன். நானே கூரை ஏறிப் புகைபோக்கியில் பட்டை கட்டி ஆன்டெனாவை நிறுத்தினேன். தடித்த கேபிளைச் சன்னல் வழியாக இறக்கினேன். இரண்டாம் நாள் காலை திரையைப் பார்த்தால், வடக்கே ஓரத்தில் ஒரு சின்ன விமானப் படம் நகர்கிறது. டென்மார்க்! நானூறு கிலோமீட்டர்! என் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து! நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"மெக்டில்ட்! டென்மார்க் விழுந்துடுச்சு!"

"கத்தாதே" என்றாள் படுக்கையிலிருந்து.

அதன் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. யார் கருவி எவ்வளவு தூரம் கேட்கிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்துவார்கள். மூன்றாம் மாதம் எங்கள் மாநிலத்தில் நான் ஏழாம் இடம். புதன்கிழமை சாயங்காலம் ஊர் விடுதியில் எங்கள் வழக்கமான மேசைக்குப் போனால் "வாடா டென்மார்க்காரா" என்று பியர் குவளையை உயர்த்துவார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். புர்க்கார்ட் என் முதுகில் தட்டி, "ஆறாவது இடத்துல இருக்கறவனைப் பாத்தேன்டா. ஆன்டெனாவை இன்னும் அரை மீட்டர் ஏத்து, காலி பண்ணிடலாம்" என்பான். அரை மீட்டர் ஏற்றினேன்.

மெக்டில்ட் மதியம் எழுந்து வந்து சில நாள் கேட்பாள். "ஒண்ணு இருபதுக்கு ஒண்ணு போச்சே. விழுந்துதா?"

"எல்லாம் விழும், எல்லாம் விழும்" என்பேன். என் கண் திரையின் ஓரத்தில் இருக்கும். அன்றைக்குத் தெற்கே சுவிட்சர்லாந்து எல்லையைத் தொடுமா தொடாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினோரு மாதம் போயிற்று. பதிவையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றி, மெக்டில்டின் நோட்டோடு சேர்த்து விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் கொடுத்தோம். தொழில்நுட்பச் சாட்சியாகப் புர்க்கார்டின் பெயரைப் போட்டேன். விசாரணை அன்றைக்குக் காலையில் அவனை என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பயமாக்கும் என்று நினைத்துப் புதினா மிட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

விசாரணைத் தலைவர் டாக்டர் டில்மன்ஸ் என்ற அம்மாள், அமைதியானவர். விமான நிலையத்துக்கு ஒரு இளம் வக்கீல் வந்திருந்தாள். கோபமே வராத குரல். நாங்கள் கொடுத்த பதிவையும் மெக்டில்டின் நோட்டையும் அவள் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தாள்.

"நோட்டுல அறுபத்தோரு விமானம் இருக்கு" என்றாள். "கருவியில அந்த நேரத்துக்கு ஊருக்கு மேல நாலுதான் இருக்கு. மிச்சம் ஐம்பத்தேழு எங்கே?"

எனக்குப் புரியவில்லை. புர்க்கார்டைப் பார்த்தேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் அவனைக் கேட்டாள். "இந்தக் கருவிக்கு ஃபில்டர், கேபிள் எல்லாம் நீங்க தேர்ந்தெடுத்ததுதானே?"

"ஆமாங்க."

"நல்ல கருவியா?"

"ரொம்ப நல்ல கருவி. டென்மார்க் வரைக்கும் கேக்குது. மாநிலத்துலயே ஏழாவது இடம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! பெருமையில் பல்லை வேறு காட்டியிருப்பேன். இதைச் சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"டென்மார்க் வரைக்கும் கேக்கற கருவி, அந்த வீட்டுக்கு நேர் மேல நானூறு மீட்டர்ல போற விமானத்தைக் கேக்காம விடுமா?"

புர்க்கார்ட் மிட்டாய்க் காகிதத்தை விரலில் சுருட்டினான். பிறகு, "கேக்கணும்" என்றான்.

அவ்வளவுதான். இடைவேளைக்குப் பிறகு டாக்டர் டில்மன்ஸ் முடிவைப் படித்தார். மனு நிராகரிக்கப்பட்டது, இன்னும் ஐந்து வருடத்துக்குப் பாதை இப்படியே இருக்கும், அம்மையாரின் குறிப்புகள் அவருடைய உடல்நிலையால் ஏற்பட்ட உணர்வாக இருக்கக்கூடும். கூடத்தில் யாரோ பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். மெக்டில்ட் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்று என் கருவியே சாட்சி சொல்லிவிட்டது. புர்க்கார்டைத் தேடினேன், ஆளைக் காணோம். பேருந்தில் போய்விட்டானாம்.

மறுநாள் மதியம் ஒன்று பதினைந்துக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பதினோரு மாதத்தில் முதல் தடவையாகத் திரையின் நடுவைப் பார்த்தேன். தெற்கிலிருந்து ஒரு சரக்கு விமானம் வந்தது. சர்ச் வரை ஒழுங்காக வந்த படம் சர்ச்சுக்கு மேலே மறைந்தது. அதே நேரம் தலைக்கு மேலே இடி மாதிரிச் சத்தம், அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன. பக்கத்து அறையில் மெக்டில்ட் குமட்டுவது கேட்டது. ஊர்க் கோடியில் இருக்கும் கல்குவாரிக்கு அந்தப் பக்கம் படம் மறுபடி முளைத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

பொழுதுபோக்குக்காரர்களின் இணைய மன்றத்தில் என் ஃபில்டர், கேபிள், அளவு எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு டச்சுக்காரன் பதில் போட்டான்: "உங்க கருவி செவிட்டுக் காதுக்கு வைக்கற மெஷினை உச்சத்துக்குத் திருகி வச்ச மாதிரி இருக்கு. அடுத்த ரூம்ல கிசுகிசுக்கறது கேக்கும், பக்கத்துல நின்னு பேசினா வெறும் இரைச்சல்தான். ஆம்ப்ளிஃபயரை எடுங்க, அளவை இறக்குங்க. கிட்டத்துக் கேஸுக்கு இதை எவன் போடச் சொன்னான்?"

கூரை ஏறி அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். கடையிலிருந்து ஒரு வெறும் ஃபில்டர் வாங்கி வந்து, நிலவறையில் கிடந்த டிவி கேபிளையே இழுத்து மாட்டி, அளவைப் பாதிக்கு இறக்கினேன். டென்மார்க் போயிற்று. அடுத்த மதியம் விமானம் எங்கள் ஓட்டுக்கு மேலே நொடி தவறாமல் நகர்ந்தது, முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர் என்று உயரத்தோடு. என் பட்டியலில் இருந்த சாமான்! அவன் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே சாமான்!

அப்போதே காரை எடுத்துக்கொண்டு குன்றைச் சுற்றிப் போனேன். புர்க்கார்ட் தோட்டத்தில் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் கம்பத்தில் அவனுடைய ஆன்டெனா நின்றது. அதன் அடியில் வெறும் ஃபில்டர், கீழே இறங்குவது மெல்லிய வெள்ளை டிவி கேபிள். இதற்கு மேல் எனக்கு யார் விளக்கவேண்டும்?

"உன் வீட்டுக்கு ஒரு சாமான், என் வீட்டுக்கு ஒரு சாமானாடா?" என்றேன்.

அவன் கூடையைக் கீழே வைத்தான். மறைக்கவாவது பார்ப்பான் என்று நினைத்தேன். அதுகூட இல்லை.

"ஸ்வென்யா வீடு கட்டறா" என்றான். அவன் மகள். "வடக்குச் சரிவுல. நீ மனுப் போட்ட பாதை நேரா அவ கூரைமேல. ஜனவரி வந்தா அவளுக்குக் குழந்தை பிறக்கும்."

"என்கிட்ட வந்து சொல்ல வாயில்லையா? முப்பத்திரண்டு வருஷம்டா! உன் பொண்ணு ஞானஸ்நானத்துல மெழுகுவர்த்தி பிடிச்சவன் நான்!"

"சொல்லியிருந்தா மனுவை வாபஸ் வாங்கியிருப்பியா?"

வாய் வரை ஆமாம் வந்தது. மெக்டில்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது. "மாட்டேன்" என்றேன்.

"அதான் சொல்லல."

"எதிர்த்து நின்னிருக்கலாமே! எனக்கு எதிரா மனுப் போட்டிருக்கலாமே! என் மேசையில உக்காந்து, என் பொண்டாட்டி செஞ்ச கேக்கைத் தின்னுட்டு, அவ மூஞ்சியைப் பாத்து புறாவைப் பிடிக்கும்னு சொன்னியே, மனுஷனாடா நீ?"

அவன் அழுதான். அழட்டும். நான் கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது. மெக்டில்ட் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நாலு மணிக்கு வருகிறாள் என்றாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆம்ப்ளிஃபயர், கேபிள், அளவு, ஸ்வென்யாவின் வீடு, அவன் கம்பத்தில் தொங்கிய ஃபில்டர். அவளும் என்னோடு சேர்ந்து கொதிப்பாள், ஒருவேளை பெட்டியை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தனை மாசமா அது நம்ம மேல போறதைக் கேக்கல?"

"பதினோரு மாசமா. பாத்தியா, எவ்வளவு பெரிய திருட்டுப் பய!"

"இதைக் கண்டுபிடிக்க உனக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மதியம்" என்றேன். சொன்ன பிறகுதான் அவள் எதைக் கேட்கிறாள் என்று உறைத்தது.

"ஒரு மதியம்" என்றாள். "நான் ஒவ்வொரு தடவையும் வந்து விழுந்துதா, விழுந்துதான்னு கேட்டேன். நீ ஒரு நாள் திரும்பிப் பாத்திருந்தா போதும்."

"அவன்தானே மெக்டில்ட் என்னை..."

"அவன் பொண்ணுக்காகச் செஞ்சான், எக்கார்ட். கேடு கெட்ட வேலைதான், ஆனா பொண்ணுக்காகச் செஞ்சான். நீ யாருக்காகச் செஞ்சே?"

வெளியே கார் வந்து நின்றது. பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை, நான் முழங்காலால் அழுத்திப் பூட்டிக் கொடுத்தேன். படியிறங்கும்போது அவள் கையைப் பிடிக்கப் போனேன். "வேண்டாம், நானே இறங்கிடுவேன்" என்றாள். அக்கா எனக்கு வணக்கம் சொன்னாள், நானும் சொன்னேன். கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். புர்க்கார்டைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அவள் கேட்டதை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.